யானை அண்ணன், கழுதைத் தம்பி

பிரேஸ்வெல், ஜார்ஜியா
1964 ஏப்ரல் 5

ரூபஸுக்கு,

ஆர்டெல்லா அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. சிகாகோ குளிரில் பிள்ளை இளைத்திருக்கிறாளா, கொஞ்சம் பூசியிருக்கிறாளா என்று பார்க்கத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். முதலில் கண்ணில் பட்டது அவள் கோட்டில் குத்தியிருந்த கழுதை பேட்ஜ். உன் ஜனநாயகக் கட்சியின் சின்னம். யார் குத்திவிட்டது என்று அவளைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நான் அவளை ஆசிரியர் கல்லூரியில் படிக்க அனுப்பினேன். உன் கட்சி வட்டத்துக்கு ஆள் பிடிக்க அனுப்பவில்லை. தாயில்லாத ஒரே பெண். சித்தப்பா அங்கே இருக்கிறானே என்ற ஒரு தைரியத்தில்தான் அவ்வளவு தூரம் ரயில் ஏற்றினேன். அதற்கு நீ காட்டிய நன்றி இது.

வடக்கே போய்ப் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் பார்த்ததில் உனக்குச் சிலது மறந்து போயிருக்கும். இந்த ஊர் ஷெரீஃப் எந்தக் கட்சி? உன் கட்சி. ஓட்டர் பட்டியலில் பேர் பதிய வரிசையில் நின்ற நம் சர்ச் டீக்கன் ஓடிஸை கோர்ட்டுப் படியிலிருந்து உருட்டிவிட்டவன் எந்தக் கட்சி? உன் கட்சி. அவனை விடுதலை செய்த ஜட்ஜும் உன் கட்சி. இவர்கள் சின்னத்தை என் பெண் நெஞ்சில் குத்திக்கொண்டு சிரிப்பாளாம், நான் அதை எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம்.

நம் அப்பா இந்தக் கவுண்டியில் லிங்கனின் யானைக் கட்சிக்கு, குடியரசுக் கட்சிக்கு, தலைவராக இருந்தவர். அவருக்குப் பிறகு நான். சவப்பெட்டி விற்று, நம் கறுப்பு ஜனங்களை அடக்கம் செய்து பிழைக்கிறவன் என்பதால் எனக்கு எந்த வெள்ளைக்காரன் தயவும் வேண்டியதில்லை. அதனால்தான் யானைக் கட்சிக்காரன் என்று இந்த ஊரில் வாய் திறந்து சொல்ல முடிகிறது. அடுத்த போட்டோவில் அந்தக் கழுதை இருக்கக் கூடாது.

ஹோசியா கேட்லின்


சிகாகோ
1964 ஏப்ரல் 14

அண்ணனுக்கு ரூபஸ் எழுதுவது.

கழுதையைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டதாம், அந்தக் கழுதைதான் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். உங்கள் யானை பொத்தான் வேலைக்கு ஆகாது அண்ணா, கனம் அதிகம்.

ஜார்ஜியாக் கழுதை வேறு, சிகாகோக் கழுதை வேறு. அங்கே அது உதைக்கும். இங்கே அது சுமக்கும். நான் வட்டச் செயலாளர் என்றால் சும்மா மேடையில் உட்காருகிறவன் என்று நினைத்துவிட்டீர்கள். யார் வீட்டில் குழாய் உறைந்தது, யார் மகனைப் போலீஸ் பிடித்தது, எந்தக் கிழவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை, எல்லாம் என்னிடம்தான் வரும். நான் வார்டுத் தலைவர் விதர்ஸிடம் போவேன். அவரும் நம்மவர்தான். அவர் மேயர் ஆபீசுக்குப் போவார். வேலை நடக்கும். தேர்தல் அன்று ஜனங்கள் அதை நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மேயர் வெள்ளைக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். குடிநீர் இலாகாவில் எனக்கு வேலை கொடுத்தது அவர் கட்சி.

உங்கள் லிங்கன் உங்களுக்கு என்ன கொடுத்தார்? செத்து நூறு வருஷம் ஆகப் போகிறது. பிணத்தோடு பழகிப் பழகி உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. நான் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஓட்டுப் போடுகிறேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி மேபெல் உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். ஆர்டெல்லா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறாள். இளைக்கவில்லை.

ரூபஸ்


பிரேஸ்வெல்
1964 மே 18

ரூபஸுக்கு,

கவுண்டி மாநாடு வழக்கம்போல நம் அடக்க நிலையத்துக் கூடத்தில் நடந்தது. நல்ல கூட்டம். நாற்காலி போதவில்லை. வேர்க்கடலைக் கிடங்கு முதலாளி லாஃப்டன்கூட வந்திருந்தார், பல் டாக்டரும் வந்தார். வெள்ளைக்காரர்கள் எங்கள் கட்சியைத் தேடி வருகிற காலம் வந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள். மாநாட்டைப் பற்றி வேறு விசேஷம் இல்லை.

எழுத வந்தது வேறு. ஆர்டெல்லாவும் அவளோடு படிக்கும் பெண்ணும் ஜூன் முதல் தேதியிலிருந்து கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரி வெள்ளைக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர். "என் வீடு, நான் யாருக்கு வேணா விடுவேன்" என்று சொல்கிறவளாம். அந்தத் தெருவில் இதுவரை நம் ஆள் ஒருவரும் குடியிருந்ததில்லை. நான் வேண்டாம் என்று போனில் கத்தினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பயப்படாதீங்கப்பா. ஒவ்வொரு வீட்டு ஜன்னல்லயும் மேயர் படந்தான் ஒட்டிருக்கு. எல்லாம் சித்தப்பா கட்சி."

அவள் உன்னை நம்பிப் போகிறாள். இன்னொரு சாவியை உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது வரும்போது எட்டிப் பார். உதவியாகக் கேட்கவில்லை. செய்ய வேண்டியது உன் கடமை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

ஹோசியா


சிகாகோ
1964 ஜூன் 3

அண்ணனுக்கு,

மாநாட்டில் வேறு விசேஷம் இல்லையா? ஜெனீவா அக்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். பக்கத்து வீட்டில் அவளை வைத்துக்கொண்டு நீங்கள் எதை மறைக்க முடியும்?

இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் மாநாடு என்றால் நீங்கள், டீக்கன் ஓடிஸ், இன்னும் நாலைந்து கிழவர்கள். இந்த முறை பேப்பரில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து லாஃப்டன் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் நேற்று வரை கழுதைக் கட்சி. நம் ஜனங்களுக்கு உரிமை தருகிறோம் என்று வாஷிங்டனில் எங்கள் கட்சி சட்டம் கொண்டுவந்தது பிடிக்காமல் யானையைப் பிடித்துக்கொண்டவர்கள். நீங்கள் இழவு வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற நாற்காலிகளில் உட்கார்ந்து, உங்கள் கடைப் பேர் அச்சடித்த விசிறியால் விசிறிக்கொண்டு, கை தூக்கி உங்களைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். லாஃப்டன் தலைவர். நீங்களும் டீக்கனும் சுவரோரம் நின்றீர்கள். ஒருத்தர் "ஹோசியா, இன்னும் ரெண்டு விசிறி கொண்டா" என்றாராம். நீங்கள் போய்க் கொண்டுவந்து கொடுத்தீர்களாம்.

அண்ணா, நான் சிரிக்கவில்லை. முதலில் கொஞ்சம் சிரித்தேன், அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கட்சியை விட்டுத் தொலையுங்கள்.

ஆர்டெல்லாவைப் பற்றிக் கவலை வேண்டாம். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தத் தெரு வட்டச் செயலாளர் டோனஹியூ எனக்குத் தெரிந்தவர், கட்சி விருந்தில் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் மேல் ஒரு தூசி விழாது. இது என் வாக்கு.

ரூபஸ்


சிகாகோ
1964 ஜூன் 22

அண்ணனுக்கு,

ஆர்டெல்லா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் சில பையன்கள் கொஞ்சம் கலாட்டா செய்தார்கள், ஜன்னல் கண்ணாடி போயிற்று. வீடும் அவ்வளவு நல்ல வீடு இல்லை, ஈரம் அடிக்கும். சாமான்கள் பத்திரமாக இருக்கின்றன. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

ரூபஸ்


பிரேஸ்வெல்
1964 ஜூன் 27

ரூபஸ்,

உன் கடிதமும் ஆர்டெல்லாவின் போனும் ஒரே நாளில் வந்தன. அவள் உன் வீட்டில் இல்லை. ஒரு பகல்கூட முழுசாக இருக்கவில்லை என்கிறாள். கல்லூரி விடுதியில் யாரோ ஒரு பெண்ணின் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறாள்.

பையன்கள் கலாட்டாவா? பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் மூன்று நாளாக வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். படிக்கட்டில் மலத்தைக் கொட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள், ஜன்னலில் உன் மேயர் படத்தை ஒட்டிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் நின்று கல் எறிந்திருக்கிறாள். ஜார்ஜியாவில் ராத்திரி நம் வீடுகளைக் கொளுத்த வருகிற வெள்ளை அங்கிக் கூட்டம்கூட முகத்தை மூடிக்கொண்டாவது வரும். உங்கள் ஊரில் அந்த வெட்கமும் இல்லை போலிருக்கிறது.

கூட இருந்த பெண் முதல் நாளே பயந்து போய்விட்டாள், அதையெல்லாம் இவள் தனியாகத் தாங்கியிருக்கிறாள். புதன்கிழமை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து கல்லூரிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது வீடு காலி. துணி, புத்தகம், கட்டில், அவள் அம்மாவின் தையல் மெஷின், ஒன்றும் இல்லை. உள்ளே இரண்டு வெள்ளைப் பையன்கள் குடிவந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஜனங்கள் கை தட்டியிருக்கிறார்கள்.

பூட்டு உடையவில்லை. கதவு உடையவில்லை. வீட்டுக்காரி ஊரில் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கதவைத் திறந்தது யார்?

ஹோசியா


சிகாகோ
1964 ஜூலை 5

நான்தான் திறந்தேன்.

போதுமா? நான்தான் திறந்தேன், நான்தான் தூக்கினேன். விதர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "உன் அண்ணன் மகளாமே? மேலேருந்து ஆர்டர். எலெக்ஷன் வருசத்துல அந்தத் தெரு ஓட்டு ஒண்ணும் போகக் கூடாது. நீ எறக்குறியா, இல்ல நான் போலீச அனுப்பி எறக்கட்டுமா?" என்றார். போலீஸ் எப்படி இறக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டோனஹியூ வாசலில் நின்று ஜனங்களை விலக்கிவிட்டார். நான் போய் அவள் துணியை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தேன். வேறு ஒருத்தன் கை அதில் படவில்லை. தையல் மெஷினை என் முதுகில் சுமந்து இறக்கினேன். அந்தக் கூட்டம் எனக்கும் சேர்த்துத்தான் கை தட்டியது, அதையும் கேட்டுக்கொண்டேதான் இறங்கினேன்.

நான் மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் வேலை போகும். வட்டம் போகும். என் வட்டத்துக் கிழவர்களுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை போகும். அப்புறமும் அவளை இறக்கியிருப்பார்கள், தலையில் கட்டோடு. அவள் உயிரோடு இருக்கிறாள். நீ வந்து முத்தம் கொடுக்க வேண்டியது என் கைக்கு.

நீ என்ன கிழித்தாய் என்று என்னைக் கேட்க வந்துவிட்டாய்? உன் வீட்டுக்குள், உன் கூரைக்குக் கீழ் உன்னைத் துரத்தினார்கள். நீ விசிறி எடுத்துக் கொடுத்தாய். நானாவது ஒரு பெண்ணைக் காப்பாற்றக் குனிந்தேன். நீ எதைக் காப்பாற்றினாய்?

ரூபஸ்


பிரேஸ்வெல்
1964 ஜூலை 19

ரூபஸ்,

உன் கடிதத்தை ஆர்டெல்லாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவளாவது உன்னைத் திட்டட்டும் என்று நினைத்தேன். அவள் கடைசிப் பத்தியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். பிறகு, "சித்தப்பா எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லப்பா. நீங்க அவங்களுக்கு விசிறி கொடுத்தீங்க, அவரு அவங்களுக்கு வீட்டக் காலி பண்ணிக் கொடுத்தாரு. ரெண்டு பேரும் கட்சி கட்சின்னு அடிச்சுக்கிறீங்க. எங்கயும் ஒக்காந்திருக்கறது அவங்கதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உன்னையும் என்னையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள். நான் ஒரு வாரமாகக் கூடத்துக்குள் போகவில்லை. இரண்டு அடக்கம் வந்தது, இரண்டையும் சர்ச்சிலேயே வைத்து முடித்தேன்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டுக்கு ஜார்ஜியாவிலிருந்து போனவர்களில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. நம் ஜனங்களுக்கு உரிமை தரும் புதுச் சட்டத்துக்கு எதிராகக் கை தூக்கியவரைத்தான் ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை மாதக்கணக்கில் மறித்து உட்கார்ந்தவர்கள் யார் என்று பார். ஜார்ஜியாக் கழுதைகள். அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

ஹோசியா


சிகாகோ
1964 நவம்பர் 6

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். நாலு மாதம் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வாழ்த்து. நாடெங்கும் தோற்ற யானை ஜார்ஜியாவில் ஜெயித்துவிட்டது. மாநிலம் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்று பேப்பரில் போட்டிருந்தான். நீங்களும் அப்பாவும் தவம் கிடந்தது வீண் போகவில்லை. லாஃப்டன் பட்டாசு வெடித்தாரா?

என் வட்டத்தில் யானைக்குப் போட்டவர்களை ஒரு சோபாவில் உட்கார வைத்துவிடலாம். விதர்ஸ் தோளில் தட்டினார். ஜனவரியிலிருந்து குடிநீர் இலாகாவில் மேற்பார்வையாளர் வேலை தருகிறார்களாம். மேபெலிடம் சொன்னேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரு தட்டு அதிகமாகத்தான் வைக்கிறாள். ஆர்டெல்லா என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

இப்போது விஷயம். அந்த மாடியில் இருந்த இரண்டு பையன்களும் காலி செய்துவிட்டார்கள். அந்த டீச்சர் அம்மாள் பிடிவாதக்காரி, மறுபடியும் ஆர்டெல்லாவுக்கே விடுவேன் என்கிறாளாம். இவளும் போகிறேன் என்கிறாளாம். டோனஹியூ விதர்ஸிடம் சொல்லி, விதர்ஸ் என்னிடம் கேட்டாயிற்று. "கேட்லின், ஒன் குடும்ப விஷயம், மறுபடி நீயே பாத்துக்குவியா?" என்கிறார்.

அண்ணா, அவளை வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்க மாட்டாள், உங்கள் பேச்சைக் கேட்பாள். அவள் போனால் மறுபடியும் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் போக வேண்டியிருக்கும்.

ரூபஸ்


பிரேஸ்வெல்
1964 நவம்பர் 15

ரூபஸ்,

லாஃப்டன் பட்டாசு வெடித்தார். ஷெரீஃப் வானத்தைப் பார்த்துச் சுட்டார். அதே ஷெரீஃப்தான். கட்சி மட்டும் மாறியிருக்கிறது.

நான் உன் கழுதைக்குப் போட்டேன். அதிகம் சந்தோஷப்படாதே, உன் மேயருக்காகப் போடவில்லை, உனக்காகவும் போடவில்லை. அப்பா எந்தப் பெட்டியில் படுத்திருந்தாலும் புரண்டு படுத்திருப்பார். இந்த ஊர் ஓட்டுப் பெட்டியில் கழுதைக்கு விழுந்தது எங்கள் நாலைந்து பேர் ஓட்டுத்தான், அதனால் யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை லாஃப்டன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன ஹோசியா, நாங்க ஒன் கட்சிக்கு வந்தா நீ எங்க கட்சிக்குப் போயிட்டியாமே?"

"நீங்க எந்திரிச்ச எடம் காலியா இருந்துச்சு சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஷெரீஃப் கார் நம் வாசலில் தினம் நிற்கிறது. நிற்கட்டும்.

ஆர்டெல்லாவை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறாய். சொல்லத்தான் போன் எடுத்தேன். "அப்பா, நீங்களும் வேணாம்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் மே மாதம் என் கூடத்தில் சுவரோரம் நின்றவன். என் பெண் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து பாடம் படிக்கப் போனவள். எனக்கு அவளை நிறுத்த என்ன யோக்கியதை இருக்கிறது, நீயே சொல்.

அதனால் வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். கடையை டீக்கன் ஓடிஸ் பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை ரயிலில் புறப்படுகிறேன். அந்த மாடியில் அவளோடு நானும் இருக்கப் போகிறேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன், மேபெலிடம் தட்டு வைக்க வேண்டாம் என்று சொல். இந்த முறை சாவி உனக்குக் கிடையாது. கதவைத் தட்டினால் நான்தான் திறப்பேன்.

உன்னை அனுப்புவார்கள் என்கிறாய். தெரியும். நீ வருவாய் என்பதும் எனக்குத் தெரியும், வேலையை விட உனக்கு மனசு வராது. வா. ஆனால் விதர்ஸிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவை. இந்தத் தடவை துணியை மடிக்கிற வேலை இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நீ கடைசியாகப் பார்த்ததைவிட நான் நன்றாகக் கனத்திருக்கிறேன். சவப்பெட்டி தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று தெரிந்த தொழில்காரன் சொல்கிறேன், தனியாக வராதே. ஆறு பேர் வேண்டும்.

ஹோசியா